சுவரில் இல்லாத போட்டோக்கள்

முதல் மணி நேரம் கணக்கு. அடுத்தது பொது அறிவு. மூன்றாவது விளையாட்டு. கடைசி மணி நேரம் சினிமா. அந்த வார்டின் வினாடி வினா இந்த வரிசையில்தான் நடக்கும், யார் கெஞ்சினாலும் மாறாது. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை இயந்திரம் நான்கு மணி நேரம் சுத்தம் செய்கிறது. தலை தெளிவாக இருப்பது முதல் மணியில். போகப் போக ரத்த அழுத்தம் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும், கண் செருகும். அந்த நேரத்தில் பெருக்கல் கணக்குக் கேட்பது கொடுமை. ஆனால் ஒரு பாட்டின் ஆரம்ப இசையை முனகி "எந்தப் படம்?" என்றால், அரைத் தூக்கத்தில் இருப்பவரும் கண்ணைத் திறக்காமல் சொல்லிவிடுவார். சொல்லவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். இயந்திரம் அலறுவதற்கு முன்பே அப்படி இரண்டு பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

வரிசையை வகுத்தவளுக்கு வார்டில் 'கேள்விக்காரி' என்று பெயர். தலைமை நர்ஸ் எரிச்சலில் வைத்த பெயர் அது. பிறகு அவரே, "கேள்விக்காரி வந்தாச்சா? எடை பாத்தாச்சா?" என்று உரிமையோடு கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நாற்பத்து நான்கு வயது. நோய் வருவதற்கு முன் போல்ட் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. போல்ட்டை எடுத்து அளவு வளையத்தில் நுழைக்க வேண்டும். நுழைந்தால் நல்லது, நுழையாவிட்டால் கழிவு. "கிட்டத்தட்ட நுழையுது, விடும்மா" என்று மேஸ்திரி சொல்லிப் பார்ப்பார். "கிட்டத்தட்டன்னு ஒரு டப்பா வையுங்க, அதுல போடுறேன்" என்பாள்.

அங்கே அவளுக்கு அடிக்கடி தலைவலி வரும். தொழிற்சாலையின் மருத்துவ அறையில் வலி மாத்திரை கொடுப்பார்கள். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பெண்கள் எல்லோரும் ஒப்பந்தக் கூலி. அவர்கள் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையை யாரும் சுற்றியதில்லை. ஆறு ஆண்டுகள் மாத்திரை விழுங்கினாள். அழுத்தமும் மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்டன. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று உச்சுக்கொட்டினார்கள். அவள் படுத்தபடியே, "ரிப்போர்ட்ல பாவம்னு ஒண்ணும் எழுதல பெரியம்மா. பிரஷர்னுதான் எழுதியிருக்கு. யாரு பாக்காம விட்டாங்கன்னும் எனக்குத் தெரியும்" என்றாள். அதன்பிறகு சொந்தக்காரர்கள் வருவது குறைந்தது. "நல்லதாப் போச்சு, எல்லாருக்கும் டீ போட்டே கை வலிக்குது" என்றார் பெயிண்டரான அவள் கணவர்.

வார்டு ஒரு நீண்ட அறை. ஆறு நாற்காலிகள், ஆறு இயந்திரங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, வாரத்துக்கு இரண்டு குழு. ஆக இருபத்து நான்கு பேருக்குத்தான் இடம். மாலையில் மூன்றாவது முறை ஓட்டினால் இன்னும் பன்னிரண்டு பேர் பிழைப்பார்கள். அதற்கு ஆள் போடப் பணம் இல்லையாம். மருத்துவமனை வாசலில் மட்டும் புதிதாக ஒரு வளைவு, இரவில் விளக்கெல்லாம் எரியும். உள்ளே நடைபாதை பெஞ்சில், இடம் காலியாகுமா என்று காத்திருப்பவர்கள். இடம் எப்படிக் காலியாகும் என்பது அவர்களுக்கும் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியும்.

வினாடி வினாவுக்கு அவள் வைத்த விதி ஒன்றுதான். விடை சொன்னால் பாதி மதிப்பெண். "எப்படித் தெரியும்?" என்று கேட்பாள், அதற்கும் பதில் சொன்னால்தான் முழு மதிப்பெண்.

அவள் பக்கத்து நாற்காலிக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, பெரிய குரல். முதல் நாள் யாரோடும் பேசவில்லை. இரண்டாம் நாள் அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு லாரிக் கணக்கு. லோடோட போகும்போது மணிக்கு முப்பது கிலோமீட்டர். அதே ரோட்டுல காலியாத் திரும்பும்போது அறுபது. சராசரி வேகம் என்ன?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? நாப்பத்தஞ்சு."

"தப்பு."

"ஏம்மா, முப்பது வருஷமா ஸ்டியரிங் புடிக்கிறேன். எனக்கே வேகம் சொல்லித் தர்றியா?"

"லாரிய நான் ஓட்டலண்ணே. கணக்க ஓட்டுங்க. ரோடு அறுபது கிலோமீட்டர்னு வச்சுக்குங்க. போக எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணி."

"வர?"

"ஒரு மணி."

"மூணு மணி நேரத்துல நூத்தி இருபது."

அவர் கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. "நாப்பது," என்றார் மெதுவாக. பிறகு, "அடச்சே! முதலாளி இத்தன வருஷமா நாப்பத்தஞ்சுன்னு வச்சுத்தான் என்னை லேட்டுன்னு திட்டிருக்கான்" என்று கத்தினார். எதிர் நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற தட்டச்சர் அம்மா சிரித்த சிரிப்பில் அவருடைய இயந்திரம் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்து எல்லோரையும் திட்டினார்.

அன்று முதல் லாரியண்ணன்தான் வினாடி வினாவின் உயிர். விளையாட்டு நேரம் அவருடையது. "ஜெயிக்கிற அணி பின்னாலயே போற விளையாட்டு எது?" என்று கேட்டு வார்டையே திணறடித்தார். கயிறு இழுக்கும் போட்டி என்று நர்ஸ்தான் கண்டுபிடித்தார். சினிமாவில் மட்டும் அண்ணன் சுழியம். "முப்பது வருஷமா எந்தப் படத்துலயும் இடைவேளைக்கு மேல நான் முழிச்சிருந்ததில்ல" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் உற்சாகமாக வந்தார். "தங்கச்சி, இனிமே இந்த ஊசி, குழாய் எல்லாத்துக்கும் கும்பிடு. என் மச்சான் ஒரு வைத்தியரக் கண்டுபுடிச்சிருக்கான். லேகியமும் தைலமும்தான். சுவரு பூரா போட்டோ. இருபது பேரு, எல்லாரும் மெஷின விட்டவங்க. ஒருத்தரு மஞ்சச் சட்ட போட்டுக்கிட்டு சைக்கிள் ஓட்டுறாரு தெரியுமா?"

"மருந்து சாப்பிட்டுக்கிட்டே இங்கயும் வரலாமே?"

"ரெண்டும் ஒண்ணா ஒத்துக்காதாம். மெஷின விட்டாத்தான் மருந்து புடிக்குமாம்."

அவளுக்குக் கொதித்தது. இயந்திரத்தை விட்டவர் என்ன ஆவார் என்பது அந்த வைத்தியருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் அந்த நிபந்தனை. வந்தவர் செத்துப்போனால் 'நோய் முற்றிப் போய் வந்தார்' என்று சொல்லிக்கொள்ளலாம். செத்தவர் வந்து மறுக்கமாட்டார். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு.

"அறிவு இருக்காண்ணே உங்களுக்கு? யாரு கூட்டிட்டுப் போனது, அண்ணியா? படிக்காத கூட்டம் சொல்றதக் கேட்டு உசுர விடப் போறீங்களா?"

லாரியண்ணன் முகம் இறுகியது. அவர் மனைவி வாசல் அருகே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார். மிச்ச நேரம் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சினிமா நேரத்தில்கூட.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. இயந்திரத்தின் மேல் வெள்ளைத்துணி போட்டிருந்தது.

"வெள்ளிக்கிழமையும் வரலன்னா இடத்த அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவேன்" என்றார் நர்ஸ். "வெளிய ஒரு தச்சரு உக்காந்திருக்காரு. அவரு முகத்தப் பாத்துட்டு நான் எத்தன நாளு துணி போட்டு மூடி வைக்கிறது?"

தச்சரும் மனிதர்தான். ஒருவர் பிழைக்க இன்னொருவர் வராமல் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்களே, அவர்கள் இந்த அறைக்குள் வந்ததே கிடையாது.

புதன் மாலை வீட்டில், ஊசி குத்திய இடத்தில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவருக்குச் சராசரி வேகம் எப்படிப் புரிந்தது? நாற்பது என்று அவள் சொல்லவில்லை. எத்தனை மணி நேரம் என்று கேட்டாள், அவ்வளவுதான். உயிர் விஷயம் வந்தபோது மட்டும் கேள்வியை விட்டுவிட்டுத் திட்டினாள்.

போன் செய்தாள். அவர் மனைவிதான் எடுத்தார்.

"அண்ணி, நான் அன்னைக்குப் பேசினது..."

"அவரு படுத்திருக்காரு. கால் வீங்கியிருக்கு. மருந்து வேலை செய்யுறப்ப அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க."

"ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணி. சண்டைக்கு வரல. ஒரு கேள்விதான்."

லாரியண்ணனின் மூச்சு கேட்டது, விட்டு விட்டு.

"கேளு."

"சுவத்துல இருபது போட்டோ. இருபது பேரும் குணமானவங்க. அப்போ அவருகிட்ட போறவங்கள்ல நூத்துக்கு எத்தன பேரு குணமாகுறாங்க?"

"நூத்துக்கு நூறு."

"எப்படித் தெரியும்?"

அவர் இருமினார்.

"மொத்தம் எத்தன பேரு போனாங்கண்ணே? குணமாகாதவங்க போட்டோ எந்தச் சுவத்துல இருக்கு?"

போன் துண்டிக்கப்பட்டது.

பிறகு நடந்ததை அவளுக்கு அண்ணிதான் சொன்னார். அன்றிரவும் மறுநாள் இரவும் புருஷன் சுவரில் சாய்ந்தபடியே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, அந்தக் கேள்வி அந்த அம்மாவைத் தூங்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவரை ஆட்டோவில் ஏற்றி வைத்தியரிடம் போனார். அவரை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே நுழைந்தார்.

"ஐயா, இதுவரைக்கும் மொத்தம் எத்தன பேரு உங்ககிட்ட வந்திருப்பாங்க?"

வைத்தியர் சிரித்தார். "கடலுக்குக் கணக்கு உண்டாம்மா?"

"சரி, கணக்கு வேணாம். அந்த மஞ்சச் சட்டக்காரரு போன் நம்பரு குடுங்க. அவருக்கும் முதல்ல கால் வீங்குச்சான்னு கேட்டுக்கிறேன்."

சிரிப்பு நின்றது. "சந்தேகத்தோட வந்தா மருந்து எப்படி வேலை செய்யும்? உன் புருஷனுக்குக் குணமாகலன்னா அதுக்கு நீதான் காரணம்!"

முப்பது ஆண்டுகள் லாரிக்காரர் ஒருவரோடு குடும்பம் நடத்திய பெண் அவர். டயர்க் கடைக்காரன், பழைய டயரைப் புதுசு என்று தள்ளிவிடப் பார்க்கும்போது எந்தக் குரலில் பேசுவான் என்று அவருக்குத் தெரியும். வெளியே வந்து ஆட்டோக்காரரிடம், "ஆஸ்பத்திரிக்கு விடுப்பா, சீக்கிரம்" என்றார்.

வார்டில் அப்போது சினிமா நேரம். லாரியண்ணனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் ஊதியிருந்தது, பேச்சு வரவில்லை. நர்ஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. துணியை உருவினார், டாக்டருக்கு ஆள் அனுப்பினார், ஆக்சிஜன் வைத்தார், ஊசி குத்தினார். குழாயில் சிவப்பு ஏறியது. டாக்டர் வந்து ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்து, "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கேள்விக்காரி தன் நாற்காலியில் அசைய முடியாமல் கிடந்தாள். அழுத்தம் இறங்கிக் காது அடைத்தது. "அண்ணி," என்றாள். "உங்கள அன்னைக்குப் படிக்காத கூட்டம்னு சொல்லிட்டேன். தப்பு. மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு இருக்கட்டும்." அண்ணி ஸ்டூலை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். "நீ ஒண்ணு கேட்ட. நானும் போய்க் கேட்டேன். இப்ப அதே கேள்விய இங்க கேக்குறேன். இந்த ரூம்லயும் இருக்குறவங்கதான் என் கண்ணுக்குத் தெரியுறாங்க. வந்தவங்க மொத்தம் எத்தன பேரு? இப்ப இல்லாதவங்க எத்தன பேரு?"

தட்டச்சர் அம்மா கண்ணைத் திறந்தார். ஆறு நாற்காலிகளிலும் அந்தக் கேள்வியை யாரும் இதுவரை வாய்விட்டுக் கேட்டதில்லை. எல்லோரும் தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது, உள்ளுக்குள்.

கேள்விக்காரி 'தைரியமா இருங்க அண்ணி' என்று சொல்லி நழுவலாம். அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சுவரில் போட்டோ மாட்டுவதும் அப்படி நழுவத்தான்.

"எனக்குச் சரியாத் தெரியாது அண்ணி" என்றாள். "சிஸ்டர், நீங்க சொல்லுங்க. மறைக்காம."

நர்ஸ் கையுறையைக் கழற்றினார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"இந்த ஒரு வருஷத்துல மொத்தம் முப்பத்தஞ்சு பேரு இங்க வந்தாங்கம்மா. ஒம்பது பேரு இப்ப இல்ல. ரெண்டு பேருக்கு மாத்துக் கிட்னி கெடச்சுது. இருபத்து நாலு பேரு வந்துக்கிட்டு இருக்காங்க, உங்க வீட்டுக்காரரையும் சேத்து. அந்த ஒம்பதுல நாலு பேரு பாதியில வராம நின்னவங்க. மத்த அஞ்சு பேரு ஒழுங்கா வந்தும் போயிட்டாங்க. அதையும் சொல்லணும்ல."

அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். அது சின்ன எண் இல்லை. லாரியண்ணன் ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே கண்ணை உருட்டி மனைவியைப் பார்த்தார்.

"சரி" என்றார் அண்ணி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நர்ஸ் பக்கம் திரும்பினார். "இவரு இனிமே ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கலாம், எதெதச் சாப்பிடக் கூடாது, எல்லாம் என்கிட்ட சொல்லுங்க. இவருகிட்ட சொல்லாதீங்க, மறந்துடுவாரு."