ஒன்பது வயதில் நான் காப்பாற்றிய அம்பலம்

போன மாதம் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்திலுள்ள பழைய கட்டிடங்களைக் காப்பாற்றப் போகிறார்களாம். வயதானவர்கள் தங்கள் வாயால் கதை சொல்ல வேண்டுமாம், போனில் பிடித்துக்கொள்வார்களாம். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிழவிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வாசலில் நின்று ஒருத்தன் சொன்னது காதில் விழுந்தது.

எனக்கா தெரியாது? நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். தலையில் மீன் சுமந்து தொடங்கி, இன்று இரண்டு ஐஸ் பாக்டரி வைத்திருக்கிறேன். காலேஜ் படித்தவர்கள் என் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறார்கள். போனும் கேமராவும் இல்லாமல், ஒன்பது வயதில், வெறும் வாயால் ஒரு கட்டிடத்தையே காப்பாற்றிக் கொடுத்தவள் நான். அதற்கு எனக்கு ஒரு பெயரும் வரவில்லை என்ற எரிச்சல் எழுபது வருடமாகியும் அடங்கவில்லை.

அப்போது கன்னியாகுமரி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. திருவனந்தபுரத்து ஆட்சி. அம்மாவும் சித்தியும் இன்னும் ஐந்தாறு பெண்களும் முட்டத்தில் மீன் எடுத்து, தக்கலைச் சந்தைக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். சின்னக் கடவத்தோடு நானும் போவேன். கடவம் என்பது பனையோலைக் கூடை. நெய்யூர் தாண்டினால் சாலையோரம் ஒரு கல் அம்பலம் வரும். நான்கு தூண், மேலே கற்பலகை, வழிப்போக்கருக்கு நிழல். அதை ஒட்டியே தோள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல் கிடத்தியிருக்கும். சுமைதாங்கி. நிறைந்த கடவத்தை ஒருத்தி தனியாக இறக்க முடியாது, பிடிக்க ஆள் வேண்டும். அந்தக் கல் இருந்தால் ஆள் வேண்டாம். அவ்வளவு தூர வழியில் அது ஒன்றுதான் உண்டு.

“அக்கா, கொஞ்சம் பிடி” என்று சொல்லித்தான் எங்கள் பெண்கள் கடவத்தைக் கல்லில் சாய்ப்பார்கள். அந்த அக்கா எங்கள் கரைக்காரி, எங்கள் கடற்கரை ஊரில் பிறந்தவள். நிறைமாதத்தில் மீன் சுமந்து வந்தவள், அந்த இடத்தில் விழுந்து செத்துப்போனாள். வயிற்றுச் சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். புருஷன் கல்லை நட்டான், கரைக்காரர்கள் சேர்ந்து அம்பலத்தைக் கட்டினார்கள். எங்கள் பெண்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள். இவளைக் கும்பிட்டதில்லை, அக்கா என்று கூப்பிட்டதோடு சரி. இந்தக் கதையைத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வேற்றாள் வந்தால் பேச்சு மீன் விலைக்குப் போய்விடும்.

ஒரு நாள் அம்பலத்தில் ஒரு ஓவர்சியர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். சுற்றியிருப்பவர்கள் கதை சொல்லக்கூடிய பழைய மண்டபம் என்றால் விட்டுவைப்பது, இல்லாவிட்டால் உடைத்து ஜல்லியாக்குவது என்று மேலிடத்து உத்தரவு. அந்த ஊர்ப் பெரியவர்கள், இது பாம்பு கிடக்கிற பாழ் மண்டபம், உடைத்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அம்மாவிடமும் கேட்டார்.

“எங்களுக்கு என்ன தெரியும் ஏமானே? மீன் விக்கப் போறவளுவ நாங்க” என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. சித்திக்கு அப்போது ஏழு மாதம். கல் போனால் அவள் கடவத்தை எங்கே இறக்குவாள்? ஓவர்சியர் என்னைப் பார்த்து, மோளே, நீயாவது சொல்லு என்று சிரித்ததும் நான் தொடங்கிவிட்டேன். அம்மா என் முதுகைக் கிள்ளினாள். “ஏட்டி, வாயப் பொத்து.” நான் விலகி நின்றுகொண்டு ஒன்று விடாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் இருந்த பிள்ளைகூட அப்படிச் சொல்லியிருக்காது. ஓவர்சியர் பக்கம் பக்கமாக எழுதினார். பெரியவர்கள் கிட்டே நெருங்கி வந்து காது கொடுத்துக் கேட்டார்கள். உடைக்கக் கூடாதென்று தூணில் சுண்ணாம்புக் குறி விழுந்தது. இன்றும் சாலை அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது. என் வாய் வளைத்த சாலை அது.

கடலில் மீன் படாமல் வீட்டிலிருந்துவிட்டு, மூன்று வாரம் கழித்துப் போனபோது அம்பலம் வெள்ளையடித்துக் கிடந்தது. சுமைதாங்கிக்கு மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். சுற்றிலும் மூங்கில் வேலி, வாசலில் காவலுக்கு ஒருத்தன். சித்தி வழக்கம்போல் கல்லை நோக்கிப் போனாள். அவன் கம்பை நீட்டி மறித்தான்.

“மீன் நாத்தத்தோட எங்க வாற? அம்மன் இருக்குத எடம்.”

“அம்மனா? அவ எங்க கரைக்காரியில்லா? கடவம் சுமந்தவ” என்றாள் சித்தி.

“பல்லக்குல போன பெரிய வீட்டு மவளுக்குக் கடவம் என்னத்துக்குட்டி?” என்று அவன் சிரித்தான்.

பாழ் மண்டபம் என்று சொன்ன அதே ஆட்கள், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக்கி, பல்லக்கிலும் ஏற்றிவிட்டார்கள். இது என் கதை, நான்தான் சொன்னேன் என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

சித்தி இறக்காமலே நடந்தாள். அம்மா தன் கடவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சித்தியின் கடவத்தைப் பின்னாலிருந்து தாங்கியபடியே சந்தைவரை வந்தாள்.

திரும்பும் வழியில் அடி நிச்சயம் என்று பயந்துகொண்டே நடந்தேன். அம்மா அடிக்கவில்லை. வேலி கட்டிய அம்பலத்தைத் தாண்டிய பிறகு, “கல்ல ஒடச்சா வேற கல்லு நட்டுக்கிடலாம் மக்கா. நீ அவளையில்லா தூக்கிக் குடுத்துட்ட” என்று மட்டும் சொன்னாள்.

கல்தான் அப்படியே நிற்கிறதே, பிறகு எதற்கு அம்மா இப்படிப் பேசுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அடி விழாததால், நான் செய்தது பெரிய காரியம்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டதாக நினைத்து, தலையை நிமிர்த்திக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.