எண்பது பேர் வாசித்தார்கள், ஒரு விரல் அழுத்தியது

போன சனிக்கிழமை காலை நான் எண்பது பேர் கொண்ட ஓர் ஆர்கெஸ்ட்ராவை வாசித்தேன். வயலின், செல்லோ, டிரம்பெட், பெரிய டிரம் எல்லாம் சேர்த்து. பதினான்கு நிமிடம். வலது கை ஆள்காட்டி விரலால்.

எனக்குச் சங்கீதம் வராது என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பள்ளிச் சபைகூடலில் தேசிய கீதம் பாடும்போது பக்கத்து ஆசிரியை என்னிடமிருந்து அரை அடி தள்ளித்தான் நிற்பார்.

அப்புறம் எப்படி எண்பது பேர்? அதைத்தான் சொல்ல வருகிறேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை... கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் தர்ஷினிக்கு வயது பத்தொன்பது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். கூடப் படித்தவர்கள் கணக்கியல், மருந்தியல் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இவளுக்கு இசையமைக்க வேண்டுமாம். நீலாய் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறதாம். சேர வேண்டுமென்றால் சொந்தமாக அமைத்த இசையைக் காட்ட வேண்டும்.

அவளுடைய ஆர்கெஸ்ட்ரா லாப்டாப்புக்குள் குடியிருக்கிறது. எங்கோ ஒரு வெளிநாட்டு மண்டபத்தில் நிஜமான கலைஞர்கள் எண்பது பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, வேகமாக, அழுத்தி, வருடி, விதவிதமாக வாசிக்கவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்; அந்தத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். லாபு பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்து வீட்டில் இவள் கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டால், என்றைக்கோ எவரோ இழுத்த வில் இன்றைக்கு இங்கே பேசும். இதுவரைக்கும் எனக்குப் புரிகிறது.

அதற்குள் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது. பேட்டர்ன் ஜெனரேட்டர். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் போதும் — டகட டகட டகட டகட என்று வயலின்கள் தாமாகவே குதிரை ஓட்டும். பக்கத்துக் கட்டையில் வேறு மாதிரி, அதற்கடுத்ததில் இன்னொரு மாதிரி. ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம். அதை மேலே தள்ளினால் டிரம்பெட்டும் டிரம்மும் வந்து சேர்ந்துகொள்ளும். விரல் இருக்கும்வரை ஓடும். எடுத்தால் நிற்கும்.

முதல்முறை அதைக் கேட்டபோது சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தேன்.

"அம்மாடி! இதயே அனுப்புடி!"

"ஐயோ அம்மா, இது நான் எழுதுனது இல்லலா. இந்தக் கட்டைய யாரு அமுக்குனாலும் இதேதான் வரும். சும்மா ஐடியாவுக்கு வச்சிக்கிறேன்."

"அப்ப நீ எழுதுனது எது?"

போட்டுக் காட்டினாள். இரண்டரை நிமிடம். ஒரே ஒரு செல்லோ, ஒரே ஒரு கிளாரினெட். எங்கள் வீட்டுக்கு எதிரே செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்தும் அல்லவா? அந்தச் சத்தத்தில் தொடங்கி, மெல்ல வளைந்து, எங்கேயோ போகிறது. நடுவில் ஒரு மௌனம். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று நினைத்து நான் எழுந்தே விட்டேன். ஒவ்வொரு சுரமாக உட்கார்ந்து நான்கு மாதம் எழுதினாளாம்.

"எப்டிம்மா இருக்கு?"

"நல்லாதான் இருக்கு... யாரு செத்துப்போனது?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் நான் வேலை பார்க்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பரிசளிப்பு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர். பள்ளி கேன்டீனுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். தலைமையாசிரியர் மாணிக்கம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒங்க மக பெரிய பெரிய மியூசிக்லாம் போடுதாமே? டத்தோ உள்ள நொழயறப்ப ஒரு கிராண்ட் என்ட்ரி வேணும். சிங்கம் வர்ற மாரி இருக்கணும்லா!"

தர்ஷினி முகத்தைச் சுளித்தாள். அப்புறம் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். டத்தோ மேடையில் உட்கார்ந்ததும் அவளுடைய இரண்டரை நிமிடத்தைப் போடவேண்டும். மாணிக்கம் சார் தாராளமாகத் தலையாட்டினார். நிகழ்ச்சி நிரலில் நான்காவது அங்கமாக அச்சிலேயே வந்துவிட்டது.

சும்மா இருப்பேனா நான்? என் தோழியின் மைத்துனர் டாக்டர் சேகரன் அதே பல்கலைக்கழகத்தில் இசை விரிவுரையாளர். மகளின் இசையை ஒரு தடவை வந்து கேளுங்கள் என்று அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்தேன். பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்ற நிபந்தனையோடு வருவதாகச் சொன்னார். விழா ஒன்பது மணிக்கு. பதினோரு மணிக்குள் இரண்டரை நிமிடம் கிடைக்காதா?

கிடைக்காது. டத்தோ வந்து இறங்கியபோது மணி பத்தே கால்.

மண்டப வாசலிலிருந்து மேடைக்கு முப்பது மீட்டர்தான். நடந்தால் அரை நிமிடம். ஆனால் எங்கள் ஊரில் பிரமுகர்கள் நடப்பதில்லை, நகர்வார்கள். வாசலில் பன்னீர், சந்தனம். நான்கடிக்கு ஒரு மாலை. அப்புறம் இரண்டு பக்கமும் கைகுலுக்கல், செல்ஃபி, குழந்தைகளின் கன்னத்தைத் தட்டுதல். அதுவரைக்கும் இசை நிற்கக் கூடாது. நின்றால் டத்தோவை அவமதித்ததாக ஆகிவிடும். ஐந்தாவது நிமிடத்தில், மேடையோரம் அந்தக் குதிரைக் கட்டையை அழுத்திக்கொண்டிருந்த தர்ஷினி கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இந்தக் கட்டைய புடி. நான் ஓடிப்போய் சவுண்ட் ஆளுகிட்ட அடுத்த பாட்டுக்கு வயரு மாத்தச் சொல்லிட்டு வந்துர்றேன். எடுத்துராத, சரியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி!"

"தெரியத் தேவையில்லமா. அதான் இதுல விசேஷமே."

போனவள் திரும்பி வரமுடியவில்லை. சவுண்ட் மேசை மண்டபத்தின் பின்கோடியில். நடுவே டத்தோவும் அவரைச் சுற்றி ஒரு கூட்டமும் வழியை அடைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு நிமிடம் பயத்தில் விரல் மரத்துவிட்டது. மூன்றாவது நிமிடம் அந்தச் சக்கரம் கண்ணில் பட்டது. லேசாகத் தள்ளினேன். டிரம்பெட் வந்தது. முழுக்கத் தள்ளினேன். டிரம் வந்தது. மண்டபமே எழுந்து நின்றது! சக்கரத்தை இறக்கினால் கைதட்டல் இறங்குகிறது, ஏற்றினால் ஏறுகிறது. ஐந்தாம் ஆண்டு வகுப்பைக் கூட நான் அப்படிக் கட்டி ஆண்டதில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெற்றோர் என் காதருகே குனிந்தார். "டீச்சர், எம்மவன் கணக்குல எப்டி?" திரும்பினேன். விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டைக்குப் போய்விட்டது. குதிரைகள் நின்றன. வயலின்கள் அழ ஆரம்பித்தன. சரியாக அப்போது முதலாம் ஆண்டுக் குழந்தை ஒன்று டத்தோவிடம் பூங்கொத்தை நீட்டியது. டத்தோ கண்ணைத் துடைத்தார். முன்வரிசை அக்காமார்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பதறிப்போய் விரலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். டகட டகட! மண்டபம் அதிர்ந்தது.

டத்தோ உட்கார்ந்ததும் விரலை எடுத்தேன். மாணிக்கம் சார் மைக்கைப் பிடித்தார்.

"இதுவரை நாம் கேட்டது, நம் தோட்டத்தின் செல்வி தர்ஷினியின் சொந்தப் படைப்பு! நேரம் கருதி, நான்காவது அங்கம் இத்துடன் இனிதே நிறைவேறியது! தர்ஷினி எங்க? காணோமா? சரி, அம்மா வாங்க!"

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மைக் என் மூக்குக்கு நேரே இருந்தது. தலைமையாசிரியர், டத்தோ, முந்நூறு பேர்... நான் கும்பிட்டேன். பின்கோடியில், கையில் வயரோடு தர்ஷினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். அதுதான் இன்னும் என்னை உலுக்குகிறது.

டத்தோ பேச ஆரம்பித்தார். 'இந்த இனிய வேளையிலே' என்று ஒரு கட்டையை அழுத்தினார். அது பாட்டுக்கு ஓடியது. சமுதாயம், கல்வி, ஒற்றுமை, மறுபடியும் சமுதாயம். நான் மட்டும் ஒழுங்கா? மாணவர் அறிக்கைப் புத்தகத்தில் 'முயற்சி செய்தால் மேலும் சிறக்கலாம்' என்று எத்தனை வருடமாக எழுதுகிறேன்! எந்தப் பிள்ளைக்கு எழுதுகிறோம் என்று ஏறிட்டும் பார்க்காமல் எழுதியிருக்கிறேன். எந்தப் பெற்றோரும் குறை சொன்னதில்லை. அழகாகத்தானே இருக்கிறது?

பத்தே முக்காலுக்கு டாக்டர் சேகரன் எழுந்தார். நான் பொன்னாடையோடு அவர் பின்னாலேயே வாசலுக்கு ஓடினேன். அவரே சிரித்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். நடுவுல திடீர்னு எறங்கி அழுதுச்சு பாருங்க, அந்த எடம்! இந்த வயசுல அந்தத் துணிச்சல் வராது. அப்ளிகேஷன் போடச் சொல்லுங்க. நான் ரெண்டு வார்த்தை எழுதித் தர்றேன்."

ரெண்டு வார்த்தை! நான்கு மாதமாகத் தூக்கமில்லாத ஒரு தாயிடம் இதைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? 'நன்றி சார்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். தர்ஷினி வந்து பக்கத்தில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன் — இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"சார், அது நான் எழுதுனது இல்ல. லைப்ரரில வர்ற பேட்டர்ன். கட்டைய புடிச்சிருந்தது எங்கம்மா."

"அந்த அழுத எடம்?"

"அம்மா வெரலு வழுக்கிருச்சு சார்."

டாக்டர் சேகரன் என் விரலைப் பார்த்தார். பொன்னாடையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

"அப்ப ஒன்னோடது எங்க இருக்கும்மா?"

"இந்தப் பென் டிரைவ்ல இருக்கு சார். ரெண்டர நிமிஷம். லாரி ரிவர்ஸ் எடுக்குற சத்தம்."

"லாரியா?" அவர் கார் சாவியை எடுத்தார். "வா, கார்ல கேப்போம். இங்க டத்தோ சத்தம் பெருசா இருக்கு."

கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். நான் வெளியே வெயிலில் நின்றேன். ஒலிபெருக்கியில் டத்தோ ஒற்றுமைக்குத் திரும்ப வந்திருந்தார். காருக்குள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றுமே கேட்கவில்லை. அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது மட்டும் தெரிந்தது. அவருடைய போன் ஒளிர்ந்தது, எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். இரண்டரை நிமிடம் போயிற்று. ஐந்து போயிற்று. மறுபடியும் போடச் சொல்கிறாரோ? பதினொன்று அடித்துப் பத்து நிமிடம் ஆன பிறகு கதவு திறந்தது.

"சீட்டு பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர்," என்றார். முன்பிருந்த சிரிப்பு இல்லை. "திருத்தி அனுப்பட்டும். தேர்வுக் குழுவுல கேக்குறவங்களோட சேந்து நானும் ஒரு தடவ கேக்குறேன்."

கார் போனது. ரெண்டு வார்த்தையும் அதோடு போனது. தர்ஷினியைத் திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு!

"அம்மா, நாலு தப்பு சொன்னாரும்மா! கிளாரினெட்டு சீக்கிரம் வந்துருச்சாம். முடிவு எனக்கே நம்பிக்கை இல்லாத மாரி இருக்காம். லாரிய ரொம்ப நேரம் வுட்டுட்டேனாம். அப்புறம் அந்த சைலன்ஸ் பத்தலையாம். இன்னும் நீளமா வேணுமாம்!"

"இன்னும் நீளமாவா?"

"ஆமாலா!"

நான்கு தப்பு சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷமா? பள்ளிக்கூடத்தில் நான் ஒரு தப்புச் சொன்னாலே முகம் தொங்கிவிடும் பிள்ளைகளுக்கு. வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். நான் வாசித்த பதினான்கு நிமிடத்தில் அவர் ஒரு தப்பும் சொல்லவில்லை. அதில் தப்புச் செய்வதற்கு ஆளே இல்லை. தப்பான விரலைக் கூட அது ராகமாக்கி, அழவைத்துக் கைதட்டலும் வாங்கிக் கொடுத்துவிட்டது.

திங்கட்கிழமை மாணிக்கம் சாரிடம் போய் நடந்ததைச் சொல்லிப் பொன்னாடையை மேசைமேல் வைத்தேன். "அதுக்கென்ன டீச்சர், யாரு வாசிச்சா என்ன, டத்தோ சந்தோஷமா போனாரு," என்று அதை அலமாரியில் வைத்துவிட்டார். அடுத்த பிரமுகருக்கு உதவும்.

நேற்று தர்ஷினி விண்ணப்பப் பாரத்தை நிரப்பினாள். அவள் பிறந்ததிலிருந்து அவளுடைய எல்லாப் பாரங்களையும் நிரப்பியவள் நான். 'இசையமைத்தவர்' என்ற கட்டத்தில் அவளே தன் பெயரை எழுதினாள். எழுத்து கோணல்தான். கட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் போய்விட்டது.

நான் பேனாவைக் கேட்கவில்லை.