கெட்டிமேளம் வாசித்த ஜாஸ்காரர்கள்

என் மகள் ஆறாம் வகுப்பில் பள்ளி பேண்டுக்காகக் கிளாரினெட் வாங்கச் சொன்னாள். ஏழாம் வகுப்பில் போரடிக்கிறது என்று விட்டுவிட்டாள். அலமாரியில் சும்மா கிடந்ததை ஒருநாள் நான் எடுத்து ஊதிப் பார்த்தேன். கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. எனக்கு அது பிடித்துப்போனது.

வீட்டில் ஊத முடியாது. கணவருக்கு எந்நேரமும் ஏதாவது மீட்டிங். அதனால் கராஜில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, யூட்யூப் பார்த்துப் பழகினேன். கலிஃபோர்னியாவில் லிவர்மோரில் வீடு, மில்பிடாஸில் வேலை. தினமும் மலையைத் தாண்டிப் போய்வருகிறவளுக்குக் காரில் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவது பெரிய விஷயமில்லை.

மூன்று வருடம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு மதியம் பீட்சா சாப்பிடப் போன இடத்தில் ஒரு பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸ். டிரம்பெட், டிராம்போன், பேஞ்சோ, டியூபா. எல்லாரும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு வழியில் போவார்கள், எப்படியோ ஒரே இடத்தில் வந்து சேருவார்கள். நடுவில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த பெரியவர்தான் தலைவர். பாடுவதும் அவர்தான். கைகால் நான்கும் நான்கு வேலை செய்ய, வாய் மட்டும் மைக்கிடம் சாய்ந்து, சளி பிடித்த குரலில் ஏதோ ரகசியம் சொல்வதுபோலப் பாடியது.

இடைவேளையில் அவர் எங்கள் மேஜைப் பக்கம் வந்தார். கிளாரினெட்காரர் மகன் வீட்டோடு டெக்சாஸில் ரவுண்ட் ராக் போய்விட்டாராம், ஆள் கிடைக்கவில்லையாம். என் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என் வைஃப் வாசிப்பாங்க."

"அம்மா, நோ! ப்ளீஸ் டோன்ட்," என்றாள் மகள்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு எடுத்து வா" என்றார், அவ்வளவுதான்.

எழுதி எடுத்துப் போன ஸ்வரத் தாள்களை முதல் நாளே என் கையிலிருந்து வாங்கித் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார். "இதைப் பார்த்தால் எங்களைக் கேட்கமாட்டாய்." முதல் இரண்டு மாதம் நான் ஊதியதைவிட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதுதான் அதிகம். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். தப்பு செய்தால் கோபிக்கமாட்டார். முப்பது வருடம் ஐம்பது குழந்தைகளின் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்பார்.

நான் பேண்டில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆனபோது என் தோழியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தோழி ஈரோட்டுக்காரர். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊர்த் திராட்சைத் தோட்டம் ஒன்றில் புல்வெளியும் மண்டபமும் பிடித்திருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு போன் செய்தார்.

"கண்ணு, தவில்காரருக்கு முதுகு புடிச்சிக்கிச்சாம். எந்திரிக்கவே முடியலியாம். நாதஸ்வரக்காரரும் தனியா வரமாட்டேங்கறாரு."

"ரெக்கார்டு போட்டுக்கலாங்க்கா."

"ஸ்பீக்கர்ல போட்டா அது கல்யாணமா? உன்ற பேண்ட கூட்டிட்டு வாயேன்."

"அக்கா, அவங்க எல்லாம் எழுபது வயசு அமெரிக்கன்ஸ்!"

"மேளம் இருக்குதல்ல? ஊதறதுக்கு ஆள் இருக்குதல்ல? அப்பறம் என்ன?"

நான் பெரியவரிடம் கெட்டிமேளத்தை விளக்கினேன். ஐயர் விரலைத் தூக்கி ஆட்டுவார். உடனே எல்லாரும் ஒன்றாக, வேகமாக, எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும்.

"என்ன மெட்டு?"

"மெட்டெல்லாம் கிடையாது. தாலி கட்டும்போது அழுகையோ தும்மலோ கெட்ட வார்த்தையோ யார் காதிலும் விழக்கூடாது. அதற்குத்தான்."

அவர் கண் விரிந்தது. "நாற்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் எங்களை மெதுவாக வாசி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் பிறக்க வேண்டிய மதம் இதுதான்."

கல்யாணத்தன்று காலை, பேண்ட்காரர்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையில் வந்து மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெரியவர் பாடியபடியே முன்னால் நடந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் ஆடியே விட்டார்கள்.

ஓமம் ஆரம்பித்தது. பெரியவர் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி ஐயரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைக்கூட இமைக்கவில்லை. தாலி இன்னும் தட்டில் தேங்காய்மேல்தான் இருந்தது. போட்டோகிராபர் ஒருவர் ஐயருக்கும் மணப்பெண்ணுக்கும் நடுவில் புகுந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று ஐயர் விரலைத் தூக்கி ஆட்டினார்.

இடி விழுந்ததுபோல இருந்தது. டிரம்ஸ், டியூபா, டிராம்போன் எல்லாம் ஒரே நேரத்தில். நான் கையை ஆட்டி "நோ, நோ" என்று கத்தினேன். எப்படிக் கேட்கும்? கேட்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே. இருநூறு பேர் எழுந்து அட்சதையை வீசினார்கள். மாப்பிள்ளை வெறுங்கையோடு திருதிருவென்று விழித்தார்.

சத்தம் நின்றதும் பெரியவருக்கு விஷயம் புரிந்தது. முகம் சிவந்துபோனது. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, ரிகர்சல் நன்னா ஆச்சு," என்றார் ஐயர். "முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. அட்சதை கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் அவர ஒரு பாட்டு பாடச் சொல்லுங்கோ."

சமையலறையில் பாஸ்மதி அரிசியை மஞ்சளில் கலக்கிக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பெரியவர் பாடினார். தொடங்கும்போது குரல் நடுங்கியது. நான் கிளாரினெட்டில் கூடவே போனேன். இரண்டாம் அடியில் அவர் தெளிந்துவிட்டார். முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மாமா ஒருவரின் செருப்பு தாளம் போட ஆரம்பித்தது.

நிஜமான நேரம் வந்தபோது ஐயர் முதலில் பெரியவரைப் பார்த்துத் தலையாட்டினார், பிறகுதான் விரலைத் தூக்கினார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். பாஸ்மதி பறந்தது. இந்தமுறை குறையே சொல்ல முடியாது. ஒன்றைத் தவிர. நிறுத்தச் சொல்லும் சைகையை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. மூன்று முடிச்சும் முடிந்து, மாலை மாற்றி, மணமக்கள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்த பிறகும் அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். டிராம்போன்காரருக்கு மூச்சு வாங்கியதால்தான் நின்றது.

"அம்மா, தட் வாஸ் இன்சேன்," என்று என் மகள் ஓடி வந்தாள். எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தாள். "எனக்கும் டிரம்ஸ் கத்துக்கணும்." தமிழில் சொன்னாள்.

பந்தியில் பெரியவரும் ஐயரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஐயர் தொடையில் தட்டி, விரல்விட்டு எண்ணி, ஆதி தாளத்தைக் காட்டினார். பெரியவர் பாயசம் ஒழுகும் விரல்களால் எண்ணிக்கொண்டே கூட வந்தார். ஏழாவது எண்ணிக்கை தட்டா வீச்சா என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்தது.