விரித்த கை

வேன்காரன் வெல்டருக்குத் தர வேண்டியது எட்டாயிரம் ரூபாய். வேன் கூரையில் சாமான் ஏற்றக் கம்பிக்கூடு அடித்துக் கொடுத்த கூலி. ஒன்பது மாதமாகப் பாக்கி.

வெல்டருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பட்டறை சொந்தம், மாடி வீடு சொந்தம், ஆலயத்து இரும்புக் கேட்டே அவர் கை வேலைதான். முப்பது வருஷத்தில் அவர் வைத்த ஒட்டு ஒன்று விட்டதென்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்! கோபம் மட்டும் மூக்குக்கு மேலே. முன்பொருமுறை கூலித் தகராறில் ஒருத்தன் பல்லைப் பேர்த்தவர். அதனால், ஆலயத்தில் இடமில்லாமல் பிள்ளைகளின் ஞாயிறு வேத வகுப்பை அவர் பொறுப்பில் பட்டறையில் வைத்தபோதே போதகர் சொல்லிவிட்டார்: "ஒரு தடவை கை ஓங்கினாலும் வகுப்பு போச்சு, பாத்துக்குங்க."

பன்னிரண்டு பிள்ளைகள் "சார்" என்று கூப்பிடும் ஒரு மணி நேரம் அது. அதை விட்டுவிட அவருக்கு மனசே கிடையாது.

அன்று தாவீது கதை. அவனைக் கொல்லத் தேடி அலைந்த சவுல் ராஜாவே, அவன் ஒளிந்திருந்த குகைக்குள் தனியாக வருகிறான்.

"கத்தி கையில. ஆளு கைக்கெட்டுற தூரத்துல. என்ன செஞ்சான்?"

"சால்வை ஓரத்த அறுத்துட்டு விட்டுட்டான் சார்!"

"கோவம் வந்தா நாம என்ன செய்யணும்?"

"கைய விரிக்கணும்!" அவர் வாராவாரம் பழக்கிய பதில்.

"விரிச்சு அறையலாமே சார்?" என்றது ஒரு வாலு.

"உள்ளங்கை மேல பாக்கணும்டா, போக்கிரி!"

பிள்ளைகள் சிரித்து முடிக்கவில்லை. மகளைக் கூட்டிப் போக வந்த வேன்காரன் வாசலில் நின்றான்.

"பாக்கி என்னாச்சு?" என்றார் வெல்டர்.

"ஐயாயிரம் தரேன். உங்க கோணல் ஒட்டுக்கு அதுவே ஜாஸ்தி."

கோணலா? அவர் ஒட்டா? காது மடல் சுட்டது. மேஜையிலிருந்த சுத்தியல் எப்போது கைக்கு வந்தது என்றே தெரியவில்லை. வேன்காரன் ஓரடி பின்வாங்கினான்.

"சார்... கை!"

வேன்காரன் மகள். ஏழு வயசு. தன் உள்ளங்கையை மேலே பார்க்க விரித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றாய் மற்றப் பிள்ளைகளின் கைகளும் விரிந்தன.

கல்லில் முளையடிப்பதுகூட இவ்வளவு கஷ்டமில்லை. ஒரு விரல் அவிழ்ந்தது. இன்னொரு விரல். சுத்தியல் தரையில் விழுந்து உருண்டது. கை மட்டும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டியபடியே நின்றது.

வேன்காரன் மகளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டு நல்லாத்தான் இருக்கு," என்றான் தரையைப் பார்த்து. "குறைச்சுக் குடுக்கலாம்னு பாத்தேண்ணே."

சட்டைப் பைக்குள்ளிருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்தான். எல்லாம் ஐந்நூறு. ஒன்று, இரண்டு என்று அந்த உள்ளங்கையிலேயே வைத்தான். பிள்ளைகளும் கூடவே எண்ணினார்கள். பத்தோடு அவன் நிறுத்தியபோதும் அவர்கள் நிறுத்தவில்லை.

"பதினொண்ணு!"

அவன் எண்ணி வைத்தான், பதினாறு வரைக்கும்.