அவள் மூச்சுவிட்ட கோடை

அட்டை ஆலையில் அவரைத் தீக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, பாய்லரைப் பற்றவைத்துப் பார்த்துக்கொள்வது வேலை. இரண்டும் சேர்ந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆலையின் பின்சுவரை ஒட்டிய குடியிருப்பில், மாடியில் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கி முழுசாகத் தெரியும். அதனால் மனைவி அதைத் திறப்பதே இல்லை. துணியைக்கூட வீட்டுக்குள்தான் உலர்த்துவாள். அந்த வீட்டுக்கு வாழவந்த சில வருஷங்களிலேயே அவளுக்கு மூச்சிழுப்பு தொடங்கிவிட்டது.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டதும் ஆலையை மூடினார்கள். அவரே பாய்லரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், தண்ணீர்க் குடத்தோடு மாடியேறி வந்தவள் வாசலில் அப்படியே நின்றாள்.

"எங்கயும் நிக்காம ஏறிட்டேங்க."

அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இறங்கிப் போய் இன்னொரு தரம் ஏறிப் பார்த்தாள்.

அந்தக் கோடையில்தான் அவள் பாடுவாள் என்பதே அவருக்குத் தெரிந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடினாள்.

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே நீ."

"மூச்சு விடவே ததிங்கிணத்தோம். இதுல பாட்டு வேறயா?"

அரிசி தீரும் நேரத்தில் ஆலையிலிருந்து போன் வந்தது. அவர் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"வரலன்னு சொல்லிடவா?"

"நீங்க போகலன்னா வேற ஆளு பத்தவைப்பான். புகை நம்ம வீட்டுக்கு வரும், சோறு அவன் வீட்டுக்குப் போகும். கிளம்புங்க."

மழைக்காலம் வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. புகைக்கரியெல்லாம் மழையோடு கழுவிக்கொண்டு போனது. தப்பித்தோம் என்று நினைத்தார்கள். பனி இறங்கியதும் காற்று அசையாமல் நின்றது. புகைபோக்கியிலிருந்து வந்த புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டது. இழுப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "வெயில் காலத்துல சூட்டுக்கு காத்து மேல கிளம்பி புகையையும் இழுத்துட்டுப் போயிடும். பனிக்காலத்துல மூடி போட்ட மாதிரி கீழயே தங்கிடும். ஊரடங்கும் கோடையும் சேர்ந்துதான் அப்ப உங்களுக்கு நல்லா இருந்திருக்கு."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் அதையே பிடித்துக்கொண்டார். "பாத்தியா, எல்லாம் பனியாலதான்."

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். "பனி எல்லா ஊர்லயும்தான் பெய்யுது" என்றாள்.

ஒருநாள் அவர் வேலையில் இருந்தபோது அவள் படிக்கட்டில் சரிந்து விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன் செய்தாள். எரிகிற பாய்லரை விட்டுவிட்டு நகர முடியாது. மாற்று ஆள் வந்து சேரும்வரை, அவர் நெருப்புக்குக் கரி தள்ளிக்கொண்டே அழுதார்.

அவளுடைய அக்கா வந்து, கடற்கரை ஊரிலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். "பனி போனதும் அனுப்பி வைக்கிறேன்" என்றாள். ஆனால் கோடை பிறந்ததும் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. மறுபடி ஆலையை மூடினார்கள்.

"இப்ப இங்க காத்து சுத்தமா இருக்கு, வந்துடேன்" என்று போனில் கெஞ்சினார்.

"பஸ்ஸே ஓடலையே, எப்படி வர்றது?"

பஸ் ஓடத் தொடங்கிய அதே வாரம் ஆலையும் ஓடத் தொடங்கியது.

அதன்பின் லீவு கிடைக்கும்போதெல்லாம் அவர்தான் போய் வருகிறார். போனதும் குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். சட்டையிலிருக்கும் வாடையே அவளுக்கு ஆகாது. போன தடவை சாப்பிடும்போது, "வேலைய விட்டுட்டு இங்கயே வந்துடவா?" என்று அவளிடம் கேட்டார்.

"வந்து?"

அவருக்குப் பாய்லரைத் தவிர ஒன்றும் தெரியாது. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அக்கா ரசம் ஊற்றினாள். சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட மனைவி தெருமுனைவரை வந்தாள். எங்கும் நிற்காமல், அவரைவிட வேகமாகவே நடந்தாள்.