வாப்பாவிடம் ராத்தா கேட்ட கேள்வி

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் வாப்பாவை எதிர்த்துக் கதைக்க ஒருவருக்கும் துணிவில்லை. எனக்கு மூத்தவள், ராத்தா, ஒரே ஒரு முறை கதைத்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்பது.

வாப்பாவுக்குக் கடல் தொழில். வலை இழுத்து இழுத்து இடுப்பு நோவு. பாமசியில் நோவுக் குளிசை வாங்கி, வெறும் வயிற்றில், பால் விடாத பிளேன்டியோடு விழுங்கிவிட்டுத் தோணிக்குப் போவார். சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னால், நோவு என்ன சோற்றைக் கேட்டுக்கொண்டா வருகிறது என்பார். மாதக்கணக்கில் இப்படியே போனது.

ஒரு நாள் பகல் சோற்றுக்குப் பாயில் உட்கார்ந்தவரின் முகம் வெளிறிக் கிடந்தது. லுஹர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதிலிருந்து எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாராம். வெயில்தான் என்றார் உம்மா. ராத்தா சோற்றுக் கையோடு அவரையே உற்றுப் பார்த்தாள்.

"வாப்பா, வெளிக்குக் கறுப்பாவா போகுது?"

உம்மா அவள் தொடையில் கிள்ளினார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"சோறு தின்ற இடத்தில கதைக்கிற கதையா புள்ள இது?" என்றார் வாப்பா. ஆனால் இல்லை என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் அதைக் கவனித்தவள் ராத்தா மட்டும்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் கடலுக்குப் புறப்பட்டபோது, தோணி என்ஜினுக்கான மண்ணெண்ணெய்க் கேனின் மேல் ராத்தா ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எழும்பு."

"ஆசுபத்திரிக்கு வாங்க, எழும்புறன். கறுப்பாப் போனா உள்ளுக்குள்ள ரத்தம் போகுது வாப்பா."

வாப்பா கையை ஓங்கினார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், எழும்பவில்லை. அடி விழவில்லை. வாப்பாதான் கதவு நிலையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் இருந்துவிட்டார். உம்மா கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு ஓட்டோ வந்து நின்றது.

ஆசுபத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்த டொக்டர் கட்டிலருகே வந்து சொன்னார்:

"இரைப்பைக்கு உட்பக்கம் வழுவழுப்பா ஒரு படை இருக்கு. அது இருக்கிறதாலதான் அமிலம் சோற்றை மட்டும் கரைக்குது, இரைப்பையை அரிக்கிறதில்ல. இந்தக் குளிசை அந்தப் படையைக் கெடுத்துப் புண்ணாக்கிட்டுது. நேத்து கடலுக்குப் போயிருந்தா ஆள் திரும்பி வந்திருக்க மாட்டார்."

"சீதமென்சவ்வு" என்று அந்தப் படையின் பாடப்புத்தகப் பெயரை வாய்க்குள் சொன்னாள் ராத்தா.

டொக்டர் திரும்பிப் பார்த்தார். "ஓம், அதுதான்."

அவர் போனதும் வாப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ கேட்டது சரிதான் மகள். கறுப்பாத்தான் போனது. ஒரு கிழமையா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம், இவதான் எங்கட ராத்தா என்று சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால், அவளைக் காணவில்லை. ஆசுபத்திரி வாட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் குந்தியிருந்து, முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "நான் கேனை விட்டு எழும்பியிருந்தா" என்று துணிக்குள் முனகினாள். வாப்பா பிழைத்துவிட்டார், இவள் சொன்னதும் சரியாகிவிட்டது, பிறகு எதற்கு இந்த அழுகை என்று எனக்கு விளங்கவேயில்லை. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று, அவளை மறைத்தாற்போல் முன்னால் நின்றுகொண்டேன்.