பாஸ்போர்ட் போட்டவன்லாம் ஒதுங்கு

எங்கள் ஊரில் சண்டை மூளும்போது முதல் அடிக்கு முன்னால் ஒரு குரல் வரும். "பாஸ்போர்ட் போட்டவன்லாம் ஒதுங்கு!" கத்துவது யாராகவும் இருக்கலாம், எதிர்த்தரப்பாகக்கூட இருக்கலாம். உடனே கூட்டம் துணி கிழிகிற மாதிரி இரண்டாகும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள், லீவில் வந்தவர்கள் எல்லாரும் வரப்போரமாகப் போய் நிற்பார்கள். ஒரு கேஸ் போதும். போலீஸ் விசாரணையில் பெயர் மாட்டிக்கொண்டால் துபாயும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை, ஆயுசுக்கும் இந்தக் கடைமடைதான். அதனால் அவர்கள் அடிக்க மாட்டார்கள். அடிக்கிறவர்களின் சட்டையையும் வாட்சையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களை யாரும் அடிக்கவும் மாட்டார்கள். "டேய், நீ சவுதிதானே, தள்ளி நில்லுடா, மேல பட்டுடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பவன் தாடையைப் பெயர்த்த ஒருவனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் பாஸ்போர்ட் போடாதவன். ஆகவே எப்போதும் முன் வரிசை.

ஒரத்தநாட்டைத் தாண்டித் தெற்கே போகப் போக ஆற்றின் குரல் தேய்ந்துகொண்டே வரும். எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது அது முனகல்தான். மேல்மடைக்காரன் குளித்துக் கழுவி மிச்சம் விட்ட தண்ணீர். அந்த மிச்சத்துக்காக மண்வெட்டியால் மண்டையைப் பிளந்துகொண்ட ஊர் எங்களுடையது. அந்த வெறியெல்லாம் கோடையில் எங்கே போகும்? தை, மாசியில் அறுப்பு முடிந்தால் அடுத்த தண்ணீர் வரும்வரை வெட்ட வாய்க்கால் இல்லை, உடைக்க மடை இல்லை. கால்கள் மட்டும் மிச்சம். அந்தக் கால்களுக்குக் கிடைத்ததுதான் பந்து.

வாய்க்காலை ஒட்டிய புறம்போக்குத் திடல். அருகம்புல். வெறுங்கால். எங்கள் ஆட்டத்தை ஆட்டம் என்று சொன்னால் கேட்டவர் சிரிப்பார். அது வேறு பெயரில் நடந்த அடிதடி. முழங்காலில் முழங்கால் மோதும் சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். கெண்டைக்காலில் உதை வாங்கியவன் எழுந்து, உதைத்தவனைத் தேடிப் போய், பந்தோடு சேர்த்து அவனையும் கோலுக்குள் தள்ளுவான். விசில் ஊதியதும் இருவரும் ஒரே பீடியைப் பற்றவைப்பார்கள்.

கிளப் யாருடையது என்று கேட்டால் எங்களுக்குப் பதில் தெரிந்திருந்தது. களத்தில் நெல் தூற்றி முடித்ததும், அறுத்தவன் கூலி, காவல்காரன் பங்கு எல்லாம் அளந்த பிறகு ஒரு மரக்கால் தனியாக வைப்பார்கள். பந்துக்கு. நிலம் வைத்திருந்தவனும் வைத்தான், கூலி நெல் வாங்கியவனும் அதிலிருந்து ஒரு படி கிள்ளி வைத்தான். எங்கள் அப்பா காலத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம் எங்களுக்கு இல்லை. ஆனால் பந்தில் பங்கு இருந்தது. அம்மா ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. தோற்றுவிட்டு வந்தால் மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பாள்: "என் நெல்லத் தின்னுபுட்டு எவன்டா பந்த விட்டது?"

பந்தை விடாதவன் என் மச்சான். மாமா மகன், என்னைவிட மூத்தவன், கோல்கீப்பர். உயரம் இல்லை. ஆனால் விழுவான் பாருங்கள், மடை உடைகிற மாதிரி விழுவான். தரையில் விழுந்த சத்தம் நமக்குக் கேட்கும்போது பந்து அவன் நெஞ்சில் இருக்கும். எதிரணிக்காரன் அவன் விலாவில் உதைப்பான், விரலை மிதிப்பான், காதில் கெட்ட வார்த்தை சொல்வான். பந்து வெளியே வராது. அவனைப் பார்த்துத்தான் நான் கத்தினேன், அவனுக்காகத்தான் பல்லை உடைத்தேன், என் பல்லும் உடைந்தது.

தொண்ணூறுகளில் கதவுகள் திறந்தன என்று சொல்கிறார்கள். எங்கள் பக்கம் இரண்டு கதவு திறந்தது. ஒன்றின் வழியாகப் பையன்கள் வெளியே போனார்கள். சென்டர் ஃபார்வர்டு குவைத், லெஃப்ட் அவுட் சிங்கப்பூர், பேக் ஆடிய அண்ணன் தம்பி இருவரும் மஸ்கட். இன்னொன்றின் வழியாக இறால் கம்பெனி உள்ளே வந்தது. கடலோரத்தில் தொடங்கி வயல்களை வாங்கி, கரை போட்டு, உப்புத்தண்ணீரை நிரப்பி, தண்ணீரில் காற்றடிக்க ராட்டை மாதிரி ஒன்றைச் சுழலவிட்டது. பக்கத்து வயல் நெல் நின்றபடியே கருகியது. கேட்டவனுக்குக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

ஆள் இல்லாத கிளப்பைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. முதலாளி வெள்ளைக் காரில் வந்து, கண்ணாடியை இறக்காமலே திடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மற்றதெல்லாம் மேனேஜர். பூட்ஸ் தருவோம், கேலரி கட்டுவோம், பெரிய ஊர் ஆட்டக்காரர்களை இறக்குவோம் என்றார். மிச்சமிருந்த நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

அடுத்த அறுப்பில் அம்மா வழக்கம்போல ஒரு படி நெல்லைத் துணியில் கட்டி என்னிடம் கொடுத்தாள். கம்பெனி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன தம்பி இது, கோயிலுக்குக் கொடுக்கற மாதிரி? இனிமே இதெல்லாம் வேணாம். கிளப்பு இப்ப கம்பெனிது. நீங்க வந்து சந்தோஷமா பாத்துட்டுப் போங்க, போதும்."

திரும்பிக் கொண்டுவந்தேன். அம்மா அந்த நெல்லைக் குதிருக்குள் போடவில்லை. முற்றத்தில் இறைத்துவிட்டாள். கோழிகள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் வயிறெரிச்சல். திடலைச் சுற்றிக் கயிறு. சவுக்குக் கழியில் கேலரி. நடுவில் சோபா போட்ட மேடை. மூங்கில் கோல் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாய். வலை, பூட்ஸ் வைக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு ஸ்டோர் ரூம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே. மச்சானும் வெளியே. வெளியூரிலிருந்து ஒரு கீப்பரைக் கொண்டுவந்து, அவன் முகத்தைச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். நல்ல முகம், அதைக் குறை சொல்ல முடியாது. மச்சான் ஏஜெண்டைப் போய்ப் பார்த்து அபுதாபிக்கு எழுதிப் போட்டுவிட்டு வந்தான்.

சித்திரை முடியும் சமயம் திடல் புழுதியாகக் கிடந்தது. பெரிய டோர்னமெண்டுக்கு நாள் நெருங்கிவிட்டது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேனேஜர் டேங்கரை வரவழைத்தார். மாலை நேரம், நானும் மச்சானும் கரையில் உட்கார்ந்திருந்தோம். டேங்கர் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு போனது. மச்சான் இறங்கிப் போய் ஈர மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தான். துப்பினான். நேரே மேனேஜரிடம் போனான்.

"சார், இது குட்டைத் தண்ணி சார். இறால் குட்டைத் தண்ணி. புல்லு செத்துடும்."

"தண்ணி தண்ணிதானேப்பா. புழுதி அடங்குனா சரி."

"உப்பு சார். இதுல எவனும் விழ முடியாது."

"பூட்ஸ் போட்டுத்தானே ஆடப் போறாங்க?"

வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த எவனும் செய்யாத காரியம். நாங்கள் உப்புத்தண்ணீரைத் திடலில் ஊற்றுவதைவிடச் சொந்தக் கிணற்றில் ஊற்றியிருப்போம். ஒவ்வொரு மாலையும் டேங்கர் வந்தது. அருகு முதலில் மஞ்சளானது, பிறகு துருவானது, பிறகு இல்லாமலே போனது. திடல் வெளுத்தது. வெயிலில் கண்ணைக் குத்தியது. கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளே கண்ணாடித்தூள் மாதிரி உறுத்தியது. பொய்யில்லை, அந்த நாட்களில் நான் தூங்கி எழும்போதெல்லாம் கை முஷ்டியாக இருக்கும்.

அரையிறுதியில் வெளியூர்க் கீப்பர் ஒரு பந்துக்குப் பாய்ந்தான். இடுப்பில் தோல் உரிந்தது, உரிந்த இடத்தில் உப்பு. அவன் போட்ட சத்தத்தில் கேலரியே எழுந்து நின்றது. அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவும் டேங்கர் தண்ணீர். அதோடு, இனி இந்த மண்ணில் இறங்க மாட்டேன் என்று அவன் படுத்துவிட்டான்.

அதனால் இறுதி ஆட்டத்துக்கு மச்சானைக் கூப்பிட்டார்கள். அதற்குள் அவனுக்கு விசா வந்திருந்தது. டிக்கெட்டும் வந்துவிட்டது. மாமாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அவன்தான், மூன்று தங்கைகள் வீட்டில். அம்மா அவனை வாசலில் மறித்தாள்.

"மருமவனே, ஆடு, வேணாங்கல. கைய மட்டும் ஓங்கிடாத. இன்னும் கொஞ்ச நாளு. கைய மடக்கி வச்சுக்க."

"கைய மடக்கிக்கிட்டு எப்படித்தே பந்து புடிக்கறது?" என்று சிரித்தான்.

எதிரணி அதிராம்பட்டினம் பக்கத்து ஆட்கள். உப்புக்காற்றில் வளர்ந்தவர்கள், எங்களைவிட ஒரு பிடி முரடு. மச்சான் வெறுங்காலோடு இறங்கினான். முதல் பாதியில் அவன் எத்தனை முறை விழுந்தான் என்று கணக்கு இல்லை. விழுந்து எழும்போதெல்லாம் முழங்கையில் சிவப்பு, அதன்மேல் வெள்ளை. அவன் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. நான் கயிற்றைக் கடித்தேன். எங்கள் அணியில் ஒருவன் ஒரு கோல் அடித்தான். நாங்கள் முன்னால் இருந்தோம்.

இடைவேளையில் சிறப்பு விருந்தினர் வந்தார், தாமதமாக, மாலையோடு, போட்டோக்காரரோடு. முதலாளிக்கு அவசரம் வந்துவிட்டது. சுவரொட்டியில் இருந்த முகம் திடலில் இருக்க வேண்டும். மேனேஜர் ஓடினார். இடுப்பில் கட்டோடு இருந்த வெளியூர்க் கீப்பரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பி, கையுறை மாட்டி, கோலில் நிறுத்தினார். மச்சானைக் கையைக் காட்டி வெளியே கூப்பிட்டார், வயலில் மேயும் மாட்டை ஓட்டுகிற மாதிரி.

அந்தக் கீப்பர் விழவில்லை. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், யார் விழுவார்கள்? இரண்டு பந்து அவன் பக்கத்திலேயே உருண்டு போனது, பார்த்துக்கொண்டே நின்றான். கடைசி விசில். தோற்றோம். மேடையில் விருந்தினர் மாலையைச் சரிசெய்துகொண்டு கைதட்டினார்.

மச்சான் எழுந்தான். மேடையைப் பார்த்து நடந்தான். கை மடங்கியிருந்தது, அம்மா சொன்ன மாதிரி இல்லை.

"பாஸ்போர்ட் போட்டவன்லாம் ஒதுங்கு!"

முதல் நாற்காலி பறந்தது. நாலு பேர் மச்சானைத் தூக்கினார்கள். அவன் உதறினான், கடித்தான், ஒருவன் மூக்கை உடைத்தான். நான் ஸ்டோர் ரூமைத் திறந்தேன், உள்ளே தள்ளி, தாழ்ப்பாளைப் போட்டேன். போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். மேனேஜர் மேடையிலிருந்து இறங்கத் தெரியாமல் நிற்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவில் திடலின் அகலம்தான். அந்தத் தாடை எனக்காகவே காத்திருந்தது.

பின்னால் கதவு அதிர்ந்தது. கம்பெனி போட்ட தாழ்ப்பாள். ஒரே இடியில் ஒரு ஆணி கீழே விழுந்தது. இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் தொங்கியது.

போக முடியவில்லை. கதவில் முதுகைக் கொடுத்து, காலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்தேன்.

"தொறடா!" உள்ளேயிருந்து இடி. "மாப்ள, தொறடா! ஒண்ணு, ஒரே ஒண்ணு!"

ஒவ்வொரு இடியும் என் முதுகெலும்பில் இறங்கியது. கண்ணெதிரே என் சண்டை நான் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. சவுக்குக் கழிகளைப் பிடுங்கியதில் கேலரி சரிந்தது. டேங்கர் டயரில் கத்தி இறங்கி, காற்று பாம்பு மாதிரி சீறியது. கார்னர் கொடிக் கம்பால் மேனேஜரை ஓடவிட்டு அடித்தார்கள், அவர் உப்பில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலும் வாங்கினார். சோபா எரிந்தது. யாருடைய பல்லோ என் காலடியில் வந்து விழுந்தது. நான் அழுதேன், வலியில் இல்லை, அடிக்க முடியாத ஆத்திரத்தில். உள்ளே அவனும் அதற்காகத்தான் அழுதான்.

போலீஸ் லாரி வந்தது. ஓடியவர்கள் ஓட, விழுந்தவர்களை ஏற்றினார்கள். ஒரு ஏட்டு என் முன்னால் வந்து லத்தியால் தோளைத் தட்டினார்.

"நீ ஏன்டா இங்க குந்தியிருக்க?"

"உள்ள ஆடு கட்டியிருக்கு சார். கலவரத்துல பயந்துடும்னு."

கதவு தடால் என்று இடித்தது.

"ஆடு என்னடா கதவ இந்த இடி இடிக்குது?"

"கிடா சார்."

உள்ளே சட்டென்று அமைதி. ஏட்டு என் சட்டையில்லாத உடம்பைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கீழே கிடந்த ஆணியைப் பார்த்தார். "கிடாவப் பத்திரமா ஊட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் மகனும் எங்கோ கப்பலேறியவனாக இருந்திருக்கலாம்.

மச்சான் போனான். தோள் வீங்கியிருந்ததைச் சட்டையில் மறைத்துக்கொண்டு போனான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கேஸ் ஊர் பாதியின் மேல் விழுந்தது. அதில் பாஸ்போர்ட் போட்டவன் ஒருவனும் இல்லை. இரண்டொரு வருஷத்தில் இறாலுக்கு நோய் வந்து கம்பெனி குட்டைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடியது. கிளப்பை யாரும் திருப்பித் தரவில்லை. வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. திடலில் இன்றுவரை அருகு முளைக்கவில்லை.

போன கோடையில் அவன் வந்தான். தலை நரைத்து, தொப்பை வைத்து, காலில் அபுதாபிக் கம்பெனி கொடுத்த இரும்புமுனை ஷூவோடு. நடந்து நடந்து திடலுக்கு வந்திருந்தோம், யாரும் போகலாம் என்று சொல்லாமலே. ஸ்டோர் ரூமில் கூரை இல்லை, கதவும் இல்லை.

"அன்னைக்கு நீயாவது அந்த மேனேஜர ஒண்ணு வச்சியாடா?"

"எங்க மச்சான் வச்சேன். கடைசிவரைக்கும் உன் கதவுலதானே கெடந்தேன்."

"ரெண்டு பேருமே அடிக்கலியா?" என்றான். "இத்தன வருஷமா நீ எனக்கும் சேத்து அடிச்சுட்டுத்தான் கதவுக்கு வந்திருப்பேன்னு நெனச்சுக்கிட்டுல்லடா அங்க வெயில்ல நின்னேன்."

ஒரு பக்கத்துக் கோல் கம்பம் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கம்பெனி நட்ட இரும்புக் குழாய். அவன் அதைப் பார்த்து நடந்தான். அதே நடை, அதே மடங்கிய கை. பழைய பயத்தில் என் வாய் தானாகக் கத்தியது: "மச்சான், பாஸ்போர்ட் போட்டவன் ஒதுங்கு!"

"விசா கேன்சல்ல வந்துட்டேன்டா," என்றான் திரும்பாமல். "இனிமே போறதில்ல."

ஓடிப் போய் ஓங்கி உதைத்தான். நானும் ஓடினேன், நானும் உதைத்தேன். உள்ளே துரு தின்றுவிட்டிருந்தது. முறுக்கு உடைவது மாதிரி உடைந்து, செம்பொடியாக எங்கள் கால்களில் கொட்டியது. உதைத்த வேகத்தில் இருவரும் நிலைதடுமாறி, அந்த வெள்ளை மண்ணில் குப்புற விழுந்தோம். முழங்கையில் தோல் போயிற்று.

எரிந்தது.